இடக்கைக் கீறல்

பண்ணை ட்ரவுட் மீன்களுக்குக் கிருமி ஊசி போட்டு, அது எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. செத்த மீனின் வயிற்றைக் கீறி, சோதனைக்காக மண்ணீரலை எடுப்பாள். இடக்கைக்காரி என்பதால் கீறல் எப்போதும் கோணலாகவே விழும். "அக்கா கையெழுத்து" என்று தொட்டிகளைக் கவனிக்கும் பெண் கிண்டல் செய்வாள்.

அன்று காலை, வெறும் உப்புநீர் ஊசி போட்ட ஒப்பீட்டுத் தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தது. அங்கேயும் கிருமி தாவியிருந்தால் இத்தனை மாத உழைப்பும் பாழ்.

எடுத்துத் திருப்பினாள். வயிற்றில் கோணலாக ஒரு பழைய தழும்பு.

"ஏற்கெனவே வெட்டினதாக்கா?"

"இந்தத் தொட்டியில நான் கத்தியே வைக்கலையே. வெட்டியிருந்தா எப்படிம்மா நீந்தும்?"

தழும்பின் மேலேயே கீறினாள். வீக்கமில்லை, ரத்தக்கசிவில்லை. மண்ணீரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் துடைத்துவைத்ததுபோல் காலியாக இருந்தது.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன்." தொட்டியருகே நின்றவளின் குரல் இறங்கிப்போயிருந்தது.

மற்ற மீன்களெல்லாம் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. அவள் போய்க் குனிந்ததும் ஒவ்வொன்றாக மல்லாந்து வயிற்றைக் காட்டின.

எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து இருந்தது.