திங்கட்கிழமை ஷார்ட்கட்

“மறுபடியும் போச்சு” என்றார் மேடம்.

திங்கட்கிழமை காலை மணி ஒன்பதரை. எது போச்சு என்று நான் கேட்கவில்லை. வாரா வாரம் போவதுதான்.

எங்களுடையது மருத்துவ உதவி தரும் அறக்கட்டளை. விண்ணப்பங்களுக்கு முடிவு எழுதுவது மேடம். நான் கிளார்க். தினமும் நாற்பது விண்ணப்பமாவது வரும். அதனால் மேடம் கீபோர்டில் மூன்று ஷார்ட்கட் வைத்திருந்தார். கன்ட்ரோலையும் ஒன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும், ‘போதிய ஆவணங்கள் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது’ என்று முழு வரியும் வந்து விழும். இரண்டை அழுத்தினால் ‘வருமான வரம்பு’. மூன்றுக்கு ‘காலம் கடந்த விண்ணப்பம்’. ஒப்புதலுக்கு ஷார்ட்கட் கிடையாது. அதற்கு இரண்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இரவிலும் அணைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவை தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகும். திங்கள் காலையில் பார்த்தால் மூன்று ஷார்ட்கட்டும் காணாமல் போயிருக்கும்.

“அவரைக் கூப்பிடும்மா.”

கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கு ஆபீசில் ‘பாத்துக்கலாம்’ என்றுதான் பெயர். எதைச் சொன்னாலும் அதுதான் பதில். காண்ட்ராக்ட் ஆள். என்னை அக்கா என்பார். தலையைப் பார்த்தால் அவர்தான் எனக்கு அண்ணன் மாதிரி இருப்பார்.

வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏன் சார், ரீஸ்டார்ட் ஆனாலும் ஷார்ட்கட் போகாத மாதிரி பண்ண முடியாதா?”

“பாத்துக்கலாம் மேடம்.”

“ஆறு மாசமா இதையேதான் சொல்றீங்க.”

“சாயங்காலம் வந்து போட்டுத் தர்றேன் மேடம். அதுவரைக்கும் கையால டைப் பண்ணிக்குங்க.”

எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி போய்விட்டார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

மேடம் முணுமுணுத்துக்கொண்டே டைப் அடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது விண்ணப்பத்தில் கை நின்றது.

“டாக்டர் சர்டிபிகேட் இல்லைன்னு எழுதலாம்னு பார்த்தேன். பின்னாடி ஒட்டியிருக்கு பாரு. சின்னப் பொண்ணு, ரெண்டு காதும் கேக்காதாம். ஒப்புதல் படிவம் ஒண்ணு எடும்மா.”

எடுத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் இன்னும் ஆறு முறை எடுத்துக் கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மேடம் ஒரு உறையை நீட்டினார். “இதை மேனேஜர்கிட்ட கொடுத்துடு. இந்த வாரத்தோட அந்த ஆளை அனுப்பிட்டு, வேலை தெரிஞ்சவரா ஒருத்தரைப் போடச் சொல்லியிருக்கேன்.”

மேனேஜரிடம் போகாமல், உறையோடு மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர்காரரின் அறைக்குப் போனேன். என்ன இருந்தாலும் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

“தம்பி, உங்க வேலைக்கு உலை வெச்சாச்சு. அந்த ஷார்ட்கட்டைப் போகாம நிறுத்தி வைக்க அப்படி என்னதான் கஷ்டம்?”

உறையைப் பார்த்தார். பிறகு தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

“கஷ்டமே இல்ல அக்கா. இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டா போதும். கம்ப்யூட்டர் எழுந்ததும் ஷார்ட்கட்டும் கூடவே எழுந்துக்கும்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா போடாம இருக்கீங்க?”

“ஆறு மாசத்துக்கு முன்னாடி என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன். இங்கதான் உதவி கேட்டோம். மூணு தடவை திரும்பி வந்துச்சு, ஆவணம் இல்லைன்னு. நாலாவது தடவையும் அதே பேப்பர்தான் வெச்சோம், ஒரு தாள்கூட மாத்தல. கிடைச்சிடுச்சு.”

“அதெப்படி?”

“அது ஒரு திங்கக்கிழமை. அந்த வாரம்தான் ஷார்ட்கட் முதல் தடவையா தானாவே போயிருந்துச்சு.”

அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“மேடம் கெட்டவங்க இல்ல அக்கா. கையால எழுதணும்னா காரணத்தைத் தேடணும். தேடுறப்போ படிச்சிடறாங்க. தினமும் இப்படிப் பண்ணா என்னை உடனே தூக்கிடுவாங்க. வாரத்துல ஒரு நாள்னா திட்டோட போயிடும்னு நெனச்சேன்.”

“மேடம்கிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லிப் பார்த்தேன். ‘நான் என்ன, படிக்காமலா முடிவு எழுதுறேன்’னு கேட்டாங்க. மாசப் பட்டியல் நீங்கதானே போடுறீங்க? கிழமை பிரிச்சுப் பாருங்க.”

சீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். போன மாதம் செவ்வாய் முதல் வெள்ளி வரை, நாளுக்கு இரண்டோ மூன்றோ ஒப்புதல். திங்கட்கிழமைகளில் பதினேழு, பதினைந்து, பத்தொன்பது, பதினாறு.

ஒன்பது வருஷமாக இந்தப் பட்டியலை நான்தான் போடுகிறேன். ஒரு நாளாவது இப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. நிராகரிப்புக் கடிதங்களை எல்லாம் உறையில் போட்டு ஒட்டியதும் என் கைதான். வெட்கமாக இருந்தது.

நாலரை மணிக்கு அவர் வந்து ஷார்ட்கட்டைப் போட்டுக் கொடுத்தார். மேடம் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். முழு வரியும் வந்து விழுந்தது.

“அப்பாடா” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அந்தக் கடிதத்தை மேனேஜர்கிட்ட கொடுத்துட்டியாம்மா?”

உறை என் டிராயரில், பழைய பட்டியல்களுக்கு அடியில் இருந்தது. டிராயரைப் பூட்டி சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“பாத்துக்கலாம் மேடம்” என்றேன்.