உறைக்குள் அடங்காத வாள்

செகி நகரில் வாளுறை செய்யும் சிகுசாவிடம் வாடிக்கைக்காரர் இனுகாய் மறுபடியும் அதே வாளோடு வந்து நின்றார்.

"என்னம்மா உறை பண்ணுன? போன தடவை மாதிரியே நுனி இடிக்குது. பிடிக்கிட்ட இரும்பு வெளிய தெரியுது, பாரு."

சிகுசாவுக்கு முகம் சுண்டிப்போனது. மழைக்காலம், மரம் ஊறி இறுகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சோற்றுப் பசையால் ஒட்டிய வெள்ளை மர உறையைப் பிளந்து, வாளை உள்பள்ளத்தில் கிடத்திப் பார்த்தாள். மரத்தில் குறையில்லை. வாள்தான் போன தடவையைவிட நீண்டிருந்தது.

"இதை வீட்ல எங்க வைக்கிறீங்க ஐயா?"

"படுக்கிற அறையில, தலைமாட்டுல."

"நுனி எந்தப் பக்கம்?"

"என் பக்கந்தான். ஏன், குத்திடுமா?" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "திருப்பி வைங்க. பிடி உங்க பக்கம் இருக்கட்டும்."

பள்ளத்தை நீளமாகச் செதுக்கி ஒட்டிக் கொடுத்தாள். அதன்பிறகு அவளுக்கு வேலையே ஓடவில்லை. வாசலில் நிழலாடினாலே எழுந்து பார்த்தாள்.

இலையுதிர் காலத்தில் இனுகாய் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"இப்ப நுனி இடிக்கவே இல்லம்மா. பிடி மட்டும் லேசா விரிஞ்சிருக்கு. ஒட்டிக் குடுத்துடு."

சிகுசா வாளைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். பிடியின் அடிமரத்தைப் பிளந்துகொண்டு, புது இரும்பு பளபளவென்று வெளியே நீண்டிருந்தது.