ஒரு கான் கடல்

வெள்ளவத்தை முழுக்கக் கரண்ட் இல்லை. மூன்றாம் மாடி வீட்டில், மெழுகுதிரி வெளிச்சத்தில், மகன் முகுந்தனின் கடல்மீன் தொட்டிக்கு முன்னால் சிவமணி நிற்கிறாள். காற்றுப் பம்ப் நின்றுவிட்டது. தேத்தண்ணி ஆற்றுகிற கோப்பையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தித் திரும்பவும் அதற்குள்ளேயே ஊற்றுகிறாள். பற்றரிப் பம்புக்குக் காசைக் கரியாக்காமல் மகன் கண்டுபிடித்த வழி அது. நுரை எழும்ப எழும்பப் பவளத்துக்குள்ளிருந்து செம்மஞ்சள் மீன் எட்டிப் பார்க்கிறது.

கணவர் கனகசபாபதி தொட்டிக்கு ஊற்றக் கடல்நீர் நிரப்பிய பிளாஸ்ரிக் கானோடு மூச்சிரைக்க வருகிறார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரும்." அவருடைய சட்டை நெஞ்சுவரை நனைந்திருக்கிறது. "இதைக் குடிக்க வச்சவங்களோ?" "ஓம். பெற்றோல் எண்டு நினைச்சிட்டாங்கள், றெயில் பாதை ஆமிச் சென்றியில மறிச்சவங்கள்." தம்ளரை நீட்டிக்கொண்டே சிவமணி சொல்கிறாள்: "கொள்ளுப்பிட்டியில தொட்டிக்குக் கரைக்கிற உப்புப் பைக்கற்றை வாங்குவம். விலையெண்டாலும் பரவாயில்லை." "பக்கத்தில கடல் கிடக்க உப்புக்குச் சல்லி குடுக்கிறதோ எண்டு அவன் சத்தம் போடுவான்." "அப்ப நாளைக்கு நான் போறன். நீங்கள் இருங்கோ." தம்ளர் அவர் உதட்டருகே நின்றுவிடுகிறது. போன வைகாசியில் இதே கானைத் தூக்கிக்கொண்டு முகுந்தன் சொன்னதும் இதைத்தான். அவனைத் தேடிப்போன தகப்பனிடம் ஆமிக்காரர் கானை மட்டும் கொடுத்தார்கள். கான் நிரம்பியிருந்தது. அவன் மொண்ட தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் சிவமணி தொட்டிக்குள் ஊற்றினாள். அவள் கோப்பையை எடுத்து, அந்தத் தண்ணீரை மறுபடி ஆற்றத் தொடங்குகிறாள்.