கறுப்புக் கட்டம்

ஓய்வுபெற்ற டீச்சருக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது, கணக்கில் பின்தங்கிய ஒரு மாணவிக்குச் செல்போனில் இலவசமாக நடத்திய மாலை வகுப்பு மட்டும்தான். மாணவி கேமராவைப் போடமாட்டாள். திரையில் வெறும் கறுப்புக் கட்டம். பேசவும் மாட்டாள், விடையை டைப் செய்து அனுப்புவாள்.

நன்றாகத் தேறி வந்தவள்தான். சில மாதங்களாகக் கூட்டலில்கூடத் தடுமாறினாள். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாலும் விடவில்லை.

"அரையும் காலும் முக்கால், கண்ணு. திரும்பச் சொல்றேன், கேளு."

ஒருநாள் காலையில் புது எண்ணிலிருந்து அழைப்பு.

"மிஸ், நான்தான், உங்க சாயங்கால வகுப்புப் பொண்ணு! கணக்குல எண்பத்தஞ்சு!"

"அடி கள்ளி! நேத்துகூட எல்லாத்தையும் தப்பாப் போட்டியே?"

"நேத்தா? நான் ஹாஸ்டலுக்கு வந்து மூணு மாசமாச்சே மிஸ். இனிமே வகுப்பு வேண்டாம்னு அம்மாவைச் சொல்லச் சொன்னேனே!"

மாலையில் வழக்கம்போலக் கறுப்புக் கட்டம் வந்தது.

"அம்மாதானே?" என்றார் டீச்சர்.

கட்டத்திலிருந்து முதன்முறையாக ஒரு குரல் கேட்டது.

"மன்னிச்சிருங்க டீச்சர். அவ போனதுலேருந்து வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. நீங்க கண்ணுன்னு கூப்பிடுவீங்களா... அதுக்காகத்தான்..."

காலியாகக் கிடந்த தன் வீட்டு நாற்காலிகளை டீச்சர் ஒருமுறை பார்த்தார்.

"சரி, அரையும் காலும் எவ்வளவு? அதுக்கு முன்னாடி கேமராவைப் போடுங்க."

கட்டம் கறுப்பாகவே இருந்தது.

"போடு, கண்ணு."