ஒரு மார்க் குறைந்த ஊர்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது. கடையில் பாதிப் பேர் வென்டெலுக்குச் சொந்தம்.

ஒஹையோ ஆற்றங்கரையில் என்னுடையது சின்னக் காப்பிக்கடை. ஊருக்குப் புதுசாக வருகிறவர்களுக்கு முதல் கோப்பை காப்பி இனாம் என்று சுவரில் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். வென்டெல் பழைய ஆள். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் காப்பி ஊற்றுகிறேன்.

ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தார்.

"என்ன வென்டெல், பள்ளிக்கூடத்துல சேர்ந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதே வெல்மா. கலாச்சாரம் இருக்கிற ஊராப் பார்த்துக் குடி போறோம். மியூசியம், நாடகம், புத்தகக்கடை, சரித்திரம். ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க். நாற்பதுக்கு எது அதிகம் வாங்குதோ அந்த ஊர்."

பாஸ்டனுக்கு முப்பத்தைந்து. பிலடெல்பியாவுக்கு முப்பத்தாறு. சான்டா ஃபே ரொம்ப உயரத்தில் இருக்கிறது, மூச்சு வாங்கும் என்று இரண்டு மார்க் கழித்திருந்தார். எந்த ஊரையும் கண்ணால் பார்த்ததில்லை. அவர் முதலிலிருந்து கடைசிவரை படித்தது என் கடை மெனு அட்டை ஒன்றுதான்.

"நம்ம ஊருக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

"இங்க என்ன இருக்கு? முடிவெட்டுற கடையில ரெண்டு பழைய மீன்பிடிப் பத்திரிகை. அதான் நம்ம ஊர்க் கலாச்சாரம்."

எதிரே அவர் மனைவி ஆர்டிஸ் முட்டையை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவர் கை கழுவப் போனதும் என் பக்கம் வந்தாள்.

"நாற்பத்திமூணு வருஷம் இங்க இருந்தாச்சு, வெல்மா. என் மனுஷங்க எல்லாம் இங்கதான். திங்கட்கிழமை வாசல்ல 'வீடு விற்பனைக்கு'ன்னு பலகை நடப் போறாராம்."

"போகமாட்டேன்னு சொல்லேன்."

"சொன்னேன். உனக்கு ரசனை கிடையாதுங்கிறார்."

கண்ணைத் துடைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் என் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலு தாளோடு வந்தாள்.

"வென்டெல், ஊர்ப் பேரைக் கேட்டாலே உன் பென்சில் அந்தப் பக்கம் சாயுது. நான் பேர் சொல்லாம படிக்கிறேன். கேட்டு மார்க் போடு."

"போடறேன். எது முதல்ல வருதோ அங்கதான் போறோம். அப்புறம் அழக்கூடாது."

"அழமாட்டேன். வெல்மா சாட்சி."

மூன்று ஊரைப் படித்தாள். எதுவும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. நாலாவது தாளை எடுத்தாள்.

"அறுபது வருஷமா ஒரு குளிர்காலம்கூடத் தவறாம நாடகம் போடுற ஊர். போன தடவை கிழட்டு ராணியா நடிச்ச அம்மாவுக்கு ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"பத்து. அந்தம்மாவை நேர்ல பார்த்துக் கை குலுக்கணும்."

"ஒரு பழைய கிடங்கு முழுக்கப் புத்தகம். நாற்பதாயிரம் இருக்கும்."

"பத்து."

"ஆத்தைக் கடந்து தப்பி வந்த அடிமைகளை ஒளிச்சு வெச்ச வீடு, இன்னும் அப்படியே நிக்குது."

"சின்சினாட்டியா இருக்குமோ? இருக்கட்டும், பத்து."

"அந்த வீடே இப்ப மியூசியம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க தினமும் வந்துட்டிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் நகர மன்றத்துக்குப் புகார் மேல புகார் எழுதி நிறுத்திட்டார். இப்ப சனிக்கிழமை மட்டும்தான் திறப்பாங்க."

பென்சில் நின்றது.

"என்ன ஜென்மம் அது? சரித்திரம் பக்கத்துலயே இருக்கு, அருமை தெரியலையே. ஒன்பது. ஒரு மார்க் அந்த ஆளால போச்சு. குடி போனதும் முதல் வேலை, அவனை நாலு கேள்வி கேட்கிறதுதான்."

முப்பத்தொன்பது. வென்டெல் எழுந்து நின்று கடைக்கே அறிவித்தார்.

"கிடைச்சிருச்சு. திங்கட்கிழமை பலகை நட்டுடலாம். எந்த ஊர், ஆர்டிஸ்?"

"பலகை வேண்டாம். வந்து சேர்ந்தாச்சு."

"எங்க?"

"இங்க."

கடையில் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பின.

"விளையாடாதே. இங்க ஏது புத்தகக்கடை?"

"பழைய தீவனக் கிடங்கு."

"அது மூடி வருஷமாச்சே."

"தீவனம்தான் நின்னுது."

"மியூசியம்?"

"நம்ம வேலிக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூட மஞ்சள் பஸ் நம்ம வாசலை மறைக்குதுன்னு மூணு லெட்டர் எழுதினியே. அந்தப் பிள்ளைங்க எங்க போறாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

வென்டெல் உட்கார்ந்தார். நோட்டில் தான் போட்ட அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அப்ப நாடகம்?" குரல் இறங்கியிருந்தது.

"சர்ச்சுக்குக் கீழ் அறையில. வியாழக்கிழமைதோறும் ஒத்திகை."

"நீ ஜெபத்துக்குல்ல போறே வியாழக்கிழமை?"

"ஜெபம்னு நான் சொன்னதில்லை. என்னன்னு நீ கேட்டதும் இல்லை."

ஆர்டிஸ் மேசைக்கு மேலே கையை நீட்டினாள்.

"அந்தம்மா கையைக் குலுக்கணும்னியே."

அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு, என் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள்.

"வெல்மா, அந்த இனாம் காப்பியை இவருக்கு ஊத்து. ஊருக்குப் புதுசு."