இரண்டாவது மடக்கு

"இந்தச் சவ்வுல நானோ துகள் கலந்திருக்கோம் சார். உங்க ஊறுகாய் ஆலைக் கழிவுநீரை ஊத்தினாலும் உப்பு இந்தப் பக்கம் வராது. குடிச்சே பாருங்க!"

வடிகட்டிய நீரை நான் டம்ளரில் நீட்ட, ஆலை முதலாளி ஒரு மடக்கு குடித்தார். "அட, உப்பே இல்லப்பா! எங்க கையெழுத்து போடணும்?"

இந்த ஆர்டர் இல்லையென்றால் எங்கள் கம்பெனிக்குப் பூட்டுதான். என் கூட்டாளியான மச்சானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வெயிலுக்கு ஜில்லுனு குடிங்க சார்" என்று ஃப்ரீசரைத் திறந்து, அவர் டம்ளரில் ஐஸ் கட்டிகளை அள்ளிப் போட்டான்.

முதலாளி ஒவ்வொரு பையாகத் துழாவிப் பேனாவை எடுத்தார். டம்ளரில் மிச்சம் இருந்ததையும் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

"தூ! கரிக்குது! முதல்ல நல்லவன் மாதிரி இருந்துட்டு அப்புறம் சுயரூபம் காட்டுதே, என் மாப்பிள்ளை மாதிரி! ஆளை விடுங்கப்பா!"

போயே போய்விட்டார்.

சவ்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். ஓர் ஓட்டைகூட இல்லை.

"மறுபடி சோதிச்சுடலாம் மச்சான்" என்று ஃப்ரீசரைத் திறந்தேன். ட்ரே காலி.

"டேய், கெட்டுப்போகக் கூடாதுன்னு கழிவுநீர் சாம்பிளை இதுல உறைய வச்சிருந்தேனே... எங்கடா?"