குளத்தைக் காத்த மதில்

கொக்குகளைத் துரத்திய பிறகு குளம் குளத்துக்காரர்களுக்கே வந்தது. ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டுவதாகத்தான் முதலில் பேச்சு. தவளைக்கும் அதுதான் வேண்டும். தண்ணீர் நின்றால்தான் அதன் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கும்.

"வாய்க்கால் எங்கக்கா ஓடிப்போகுது? முதல்ல மதில்," என்றது காவல் பொறுப்பேற்ற நண்டு. "கொக்கு திரும்பி வந்தா யார் பிள்ளையை முதல்ல முழுங்கும், சொல்லு?"

தவளை தன் தலைப்பிரட்டைகளைத் திரும்பிப் பார்த்தது.

குளத்துச் சேற்றை எடுத்து, குளத்துத் தண்ணீரையே விட்டுக் குழைத்து, கரையைச் சுற்றி நண்டுகள் மதில் எழுப்பின. குளம் ஒரு சாண் இறங்கினால் மதில் ஒரு முழம் ஏறியது.

"கொக்குக்குத்தான் இறக்கை இருக்கே தம்பி?" என்று ஒருநாள் தவளை கேட்டுப் பார்த்தது.

"அதனாலதான் இன்னும் உயர்த்துறோம்."

மதில் நாணலைத் தாண்டியது, பனையைத் தாண்டியது. தவளையே தன்னை மறந்து அண்ணாந்து நின்றது. இப்படி ஒன்றை நம்மால் கட்ட முடியும் என்று யார் நினைத்தார்கள்!

சித்திரையில் ஒரு கொக்கு வந்தது. மேலே ஒரு வட்டம் போட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, இறங்காமலே வேறு குளம் தேடிப் போய்விட்டது.

"பாத்தியாக்கா? பயந்துட்டான்!" நண்டு கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

தவளை மதிலில் கை வைத்தது. சில்லென்று இருந்தது. குளம் முழுவதும் அங்கே எழுந்து நின்றது. கீழே, மிச்சமிருந்த கையளவு தண்ணீரில் நெளிந்துகொண்டே, கால் முளைக்காத பிள்ளைகள் மேலே பார்த்தன.

"அம்மா, எவ்ளோ உயரம்!"